செய்மதி வழி இணையம் தாமதிப்பது ஏன்?

வேகம் என்னும் ஒரே சொல்லால் இரு வேறு பொருள்களைக் குறிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஒரு செக்கனில் எவ்வளவு செய்தி வந்து சேர்கின்றது என்பது ஒன்று. கேட்ட வினாவிற்கு விடை எவ்வளவு நேரத்தில் தொடங்குகின்றது என்பது மற்றொன்று. முன்னதைக் கொள்ளளவு என்றும் பின்னதைத் தாமதம் என்றும் பிரித்துக் கொள்வோம். கொள்ளளவைப் பணங் கொடுத்துப் பெருக்கலாம். தாமதம் அவ்வாறு விலைக்கு வசப்படுவதன்று. இதனை அறியாதார் மேலும் மேலும் பொருள் செலவிட்டு ஏமாறுவர்.

பூமத்திய கோட்டிற்கு மேல் 35,786 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் செய்மதி, பூமி சுழலும் அதே காலத்தில் ஒரு முறை சுற்றி வருதலால், நிலத்திலிருந்து நோக்குவார்க்கு ஓரிடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். இத்தகைய நிலையங்கள் மூன்றினால் உலகெங்கும் செய்தி பரப்பலாமென 1945 ஆம் ஆண்டில் எழுதியவர், பின்னாளில் இலங்கையையே தம் இல்லமாகக் கொண்டு 2008 இல் இங்கேயே மறைந்த ஆர்தர் சி. கிளார்க் ஆவர். அவ்வுயரமே வசதிக்குக் காரணம். அதுவே தாமதத்திற்குங் காரணம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். வானொலி அலை செக்கனுக்கு ஏறக்குறைய 300,000 கிலோமீற்றர் செல்லும். வினா மேலேறிக் கீழிறங்க வேண்டும், விடையும் அவ்வாறே. ஆகக் குறைந்தது 143,000 கிலோமீற்றர், அதற்கு 0.48 செக்கன். கருவிகள் கொள்ளும் நேரமுஞ் சேர, நடைமுறையில் 0.6 செக்கன் அளவாகும்.

அரைச் செக்கன் பெரிதோ எனின், ஒரு முறையாயிற் பெரிதன்று. ஆனால் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்குமுன் அதன் முகவரியை விசாரித்தல், தொடர்பு கோரி இசைவு பெறுதல், இரகசியக் குறியீட்டை ஒத்துக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் முறையே நிகழ்தல் வேண்டும். அதன் பின்னரே பக்கத்தைக் கேட்கலாம். நான்கு போக்குவரவிற்கு 2.4 செக்கன், அதுவரை திரையில் ஓரெழுத்துந் தோன்றாது.

இதனினும் நுட்பமானது வேறொன்று. அனுப்புங் கணினி, பெற்றுக்கொண்டோம் என்ற மறுமொழி வாராமல் ஓர் எல்லைக்கு மேல் அனுப்பாது. பழைய விதியில் அவ்வெல்லை 65,535 பைற்று. அதனை 0.6 ஆல் வகுத்தால், கொள்ளளவு எத்துணைப் பெரிதாயினும், ஒரு தொடர்பில் செக்கனுக்கு ஏறத்தாழ 109,000 பைற்றுக்கு மேற் செல்லாதென்பது விளங்கும். 1992 இல் அவ்வெல்லையை விரிக்க வழி வகுத்தனர். எனினும் தொடக்கத்திற் சிறிதளவே அனுப்பி, மறுமொழி வரவரப் பெருக்கிச் செல்லும் முறை இன்றுமுண்டு. ஆதலின் சிறிய பக்கங்கள் முழுவேகத்தை எட்டுமுன்னரே முடிந்துவிடும். தரை நிலையத்திலேயே ஒரு கருவியை வைத்துப் பொய்யாக முன்கூட்டி மறுமொழி கூறச் செய்யும் தந்திரமும் கையாளப்படுவதுண்டு. செய்தி முழுவதும் மறைகுறியில் பொதியப்பட்டுச் செல்லும்போது அக்கருவிக்கு எதுவும் புலப்படாமையால் தந்திரம் பலிப்பதில்லை.

ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்திற் பறக்கும் புதிய செய்மதிகளில் இதே பயணத்திற்கு அலை எடுக்கும் நேரம் 0.01 செக்கனுக்குங் குறைவு. ஆனால் அவை ஓரிடத்தில் நில்லா. ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தலைக்கு மேற் கடந்து மறைவதால், மூன்று போதுமென்றிருந்த இடத்திற்கு ஆயிரக்கணக்கானவை வேண்டப்படுகின்றன.