கறள் பிடிக்கும் சிறுநீரகம்

இடம்பெயர்ந்தபோது கொட்டிலில் போட்டுவிட்டு வந்த மண்வெட்டியைத் திரும்பப் போய் எடுத்தவர்களுக்குக் கறளைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈரத்தோடு சேர்ந்து ஒட்சிசன் இரும்பைத் தின்றதன் அடையாளம் அது. உடலுக்குள்ளும் இதையொத்த ஒன்று நடக்கிறது. மூச்சுடன் எடுக்கும் ஒட்சிசனைக் கொண்டே கலங்கள் சக்தி பெறுகின்றன. அதில் ஒரு சிறு பங்கு, பக்கத்திலுள்ளதைத் தாக்கும் வடிவமாக மாறிவிடும். அதை அடக்கும் பொருட்களும் உடலில் உண்டு. தாக்குவது கூடி அடக்குவது குறைந்தால் அதனை ஒட்சியேற்றத் தகைப்பு என்பர்.

சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லீற்றர் திரவத்தை வடித்து, ஓரிரு லீற்றர் தவிர மற்றதைக் குருதிக்கே திருப்பி அனுப்புகின்றன. அந்த வேலைக்கு நிறைய ஒட்சிசன் வேண்டும். ஆகவே இந்தச் சேதம் அங்கு இலகுவில் ஏற்படும்.

1990களின் நடுப்பகுதியில் மதவாச்சி, பதவியா பக்கத்து விவசாயிகளிடம், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாமலே சிறுநீரகம் பழுதாவது கவனிக்கப்பட்டது. வவுனியாவிலும் இந்நோய் உண்டு. கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்படுகின்றன. முடிவு இன்னும் இல்லை.

ஆய்வுக்கென்று எடுக்கும் குருதியில் மலோன்டையல்டிகைட்டு என்ற பொருளை அளப்பதுண்டு. கலமென்சவ்வின் கொழுப்பு சிதையும்போது வரும் துண்டு அது. மண்வெட்டியைத் தட்டினால் உதிரும் கறள்தூள் மாதிரி. நாட்பட்ட சிறுநீரக நோயாளரில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் நீரிழிவிலும் கூடும், புகைப்பவர்களிலும் கூடும். இதை மட்டும் வைத்து நோயைச் சொல்ல முடியாது. நீங்கள் ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டியவை கிரியற்றினின் குருதிச் சோதனையும் சிறுநீர்ச் சோதனையுமே. கிரியற்றினின் உயர்வதற்குள் சிறுநீரகத்தின் பாதித் திறன் போயிருக்கலாம். கால் வீங்கட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

இந்த ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் என்று சொல்லி மாவும் சாறும் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து விளிம்புள்ள தமரத்தங்காயை (காமரங்காய் என்பதும் இதுவே) எடுத்துக்கொள்ளுங்கள். தடுக்கும் பொருட்கள் அதில் தாராளம். ஆனால் ஒட்சலேற்றும் நரம்பைத் தாக்கும் ஒரு நஞ்சும் கூடவே உள்ளன. பழுதான சிறுநீரகத்தால் இவற்றை வெளியேற்ற முடியாது. முதலில் நிற்காத விக்கல், பிறகு மனக்குழப்பம், வலிப்பு, சிலருக்கு மரணம். சிறுநீரக நோயுள்ளவர் ஒரு துண்டும் உண்ணக்கூடாது. சுகமாயிருப்பவரும் வெறுவயிற்றில் அதன் சாற்றை அதிகமாகக் குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டதுண்டு.

வயல்வேலை முடிந்து உடல் நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபெனக், ஐபுபுறோபன் குளிசைகளும் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. தண்ணீர் குடியாமல் வெயிலில் நின்ற நாளில் இன்னும் மோசம். வயலுக்குப் போகுமுன்னும் வேலைக்கு நடுவிலும் தண்ணீர் குடியுங்கள். நோய் ஏற்கெனவே உள்ளவர் எவ்வளவு குடிப்பது என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளவும். அளவு ஆளுக்காள் மாறும்.