பக்கம் ஒன்று, முகம் பல – தமிழ் எழுத்து கணினியில் ஏன் உடைந்தது?

இந்த மாதம் கம்ப்யூட்டர் பற்றி எழுதுகிறேன். பயப்படாதீங்க, கணக்கு குறைவுதான்!

நாம் இணையப் பக்கத்தைப் பார்க்க உதவும் மென்பொருளுக்கு உலாவி (பிரௌசர்) என்று பெயர். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி எல்லாம் உலாவிகள். அந்த உலாவியைத் தாங்கி நிற்பது இயங்குதளம். விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு இவை இயங்குதளங்கள். பக்கம் ஒன்றே ஆனாலும் ஒவ்வொரு உலாவியும் அதைத் தன் வழியில்தான் வரையும். மாவு ஒன்றுதான், அம்மா ஊற்றினால் தோசை, நான் ஊற்றினால் இந்தியா மேப். அதனால் பக்கம் செய்பவர் தன் கணினியில் மட்டும் பார்த்துவிட்டு "சரியா இருக்கு" என்று சொல்லக் கூடாது. பல இடத்தில் திறந்து பார்க்க வேண்டும். இதைத்தான் பொருத்தச் சோதனை என்கிறார்கள்.

இதில் ரொம்ப அடிபட்டது நம் தமிழ்தான். ஏன் தெரியுமா? 1990களில் தமிழ் எழுத்துக்கு எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஒட்டி வைத்தார்கள். அதையும் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு மாதிரி செய்தது. நான்கு பத்திரிகை படிக்க நான்கு எழுத்துருவை இறக்கி வைக்கணும். எழுத்துரு இல்லையென்றால் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகள்தான் வரும். வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் சேர்ந்து திஸ்கி என்ற முறையைக் கொண்டு வந்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி நம் அரசு டாம், டாப் என்ற இரண்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தது. பொது முறை வேண்டும் என்று கூடி, முறைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வழியும் அப்போது வந்தது. ஆனால் 1997-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4-க்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப் 4-க்கு வேறு வகைக் கோப்பு. 2004-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் இந்த இரண்டையுமே படிக்காது! பக்கம் செய்தவர் எக்ஸ்புளோரரில் மட்டும் சோதித்திருந்தால் மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாத கிறுக்கல்தான்.

இதற்குத் தீர்வு யூனிகோடு. இதில் தமிழுக்கு 128 இடங்கள். 'க' என்றால் உலகம் முழுக்க 2965. 'கொ' என்று அடித்தால் 2965, 3018 என்ற இரண்டு எண்கள்தான் சேமிக்கப்படும். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து வைப்பது கணினியின் வேலை. அந்த வேலை தெரியாத கணினியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கூடவே ஒரு புள்ளி வட்டமும் வரும். விண்டோஸ் 2000 இந்த வேலையை லதா எழுத்துருவோடு கற்றுக்கொண்டு வந்தது. எக்ஸ்பி-யில் தனியாக ஒரு வசதியை நிறுவ வேண்டியிருந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 2-ல் வேடிக்கை பாருங்க, பத்தியின் இரு ஓரமும் நேராக வரும்படி அமைத்தால் மட்டும் தமிழ் உடையும்! 2008-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-ல்தான் அது சரியானது. 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின் போது, நம் அரசும் யூனிகோடை ஏற்றது.

இதெல்லாம் பழைய கதைதானே என்று கேட்கலாம். எங்கள் தாத்தா பாடிய கும்மிப் பாட்டுகளை மாமா 2004-ல் டைப் செய்து சி.டி.யில் வைத்திருந்தார். தாத்தா இப்போது இல்லை. போன வருடம் திறந்தால் 11 பக்கமும் தொப்பி எழுத்து. எழுத்துரு மாற்றியில் ஒவ்வொரு முறையாகப் போட்டுப் பார்த்தோம். திஸ்கி என்று வைத்ததும் முதல் வரி தமிழில் வந்தது. மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

சோதனைக்காக நானே ஒரு வாக்கியம் செய்தேன்: "ஸ்ரீதேவி கௌரிக்குக் கொய்யா கொடுத்தாள், க்ஷேமமாகப் போ என்றார் ஔவை." அர்த்தம் பார்க்காதீங்க, கஷ்டமான எழுத்தெல்லாம் இதில் இருக்கு. இதைப் பள்ளிக் கணினியிலும், அப்பா போனிலும், பெரியம்மா மகளின் அரசு மடிக்கணினியிலும் திறந்தேன். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கிறது (சென்னை சி-டாக் உருவாக்கியது). எங்கும் எழுத்து உடையவில்லை. ஆனால் தேடுவதில் மாட்டிக்கொண்டது. 'கௌ'வின் கடைசிக் குறியை அதற்குரிய எண்ணில் அடிக்காமல் 'ள' என்ற எழுத்தையே போட்டு அடிப்பவர்கள் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. பெயர்ப் பட்டியலில் ஒரு மாதிரி இருந்து, தேடுபவர் இன்னொரு மாதிரி அடித்தால் கௌரி பட்டியலிலேயே இல்லை என்று வரும். உதவித்தொகைப் பட்டியல் என்றால் யோசித்துப் பாருங்க! 'ஸ்ரீ'க்கும் இதே கதி, அதையும் இரண்டு விதமாக அடிக்கலாம்.

இன்னொன்று. குரோமில் பார்த்துவிட்டு எட்ஜிலும் பார்த்தேன் என்று சொன்னால் அது இரண்டு சோதனை ஆகாது. 2020 முதல் இரண்டுக்கும் உள்ளே ஒரே இயந்திரம்தான். ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஆப்பிளின் சஃபாரிக்கும்தான் இயந்திரம் வேறு. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது.

மேலே உள்ள வாக்கியத்தை உங்கள் வீட்டுப் போனில் அடித்துப் பாருங்கள். போன் பெயர், உலாவி பெயர், எந்த எழுத்து எப்படி வந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பலகைக்குக் கீழே உள்ள பெட்டியில் போடுங்க. பழைய போன் இருந்தால் ரொம்ப நல்லது. அடுத்த இதழில் எல்லாவற்றையும் அட்டவணையாகப் போடுகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி