கடல் கடந்தாற் கடன் தீருமா?

வங்குரோத்து என்னும் சொல் நம் நாட்டு வழக்கில் நெடுங்காலமாக நிலவுவது. கடன்களை இறுக்க இயலாத ஒருவன் நீதிமுறையை நாடித் தன் உடைமைகளை ஒப்படைத்து, எஞ்சிய கடனினின்றும் விடுதலை பெறுதலே அதன் பொருள். இலங்கையில் இதற்கென 1853 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டமொன்று தோன்றிற்று. நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். ஆதலின், ஒரு நாட்டிற் கடன்பட்டோன் சட்டம் இலகுவான பிறிதொரு நாட்டிற் குடியேறி, ஆங்கே வங்குரோத்துக் கோரலாமா என்னும் வினாவை ஆராய்தல் நமக்குப் பயனுடைத்தாம்.

முதற்கண் நம் முன்னோர் வழக்கத்தை நோக்குவோம். 1707 இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஈசாக்ஸ் தொகுத்த தேசவழமை, பெற்றோர் பட்ட கடனை மைந்தர் இறுத்தல் வேண்டும் என்று கூறுகின்றது. கையிற் பொருள் இல்லாமை பொறுப்பை நீக்கவில்லை. கடன் ஒருவனை மட்டுமன்றி அவன் குடியையும் தொடரும் என்பதே அக்காலக் கொள்கை.

மேலைநாட்டார் கொள்கை காலப்போக்கில் வேறாயிற்று. வாழ்நாள் முழுவதும் கடனில் அமிழ்ந்தவன் உழைப்பில் ஊக்கம் இழக்கின்றான். அதனாற் கடன் கொடுத்தோர்க்கும் நன்மையில்லை. ஆகவே நேர்மையாளனுக்கு ஒரு தவணையின்பின் விடுதலை அளித்தனர். ஆயின் அத்தவணை நாட்டுக்கு நாடு வேறுபட்டது. அயர்லாந்தில் அது பன்னிரண்டு ஆண்டாகவும், ஜேர்மனியில் ஆறாண்டாகவும் இருந்த காலத்தில், இங்கிலாந்து 2004 முதல் ஓராண்டிலேயே விடுதலை வழங்கிற்று. 2002 மே 31 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒழுங்குவிதியின்படி, ஓர் உறுப்பு நாட்டின் வங்குரோத்துக் கட்டளையை ஏனையவையும் ஏற்கவேண்டியதாயிற்று. இதனால் ஜேர்மனியரும் அயர்லாந்தினரும் இங்கிலாந்திற் குடியேறலாயினர்.

குடியேறினோர் அனைவரும் பயன்பெற்றனரோ எனின், அன்று. ஒருவனுடைய வாழ்வும் தொழிலும் மெய்யாக எங்கே மையங்கொண்டுள்ளன என்பதே நீதிமன்றம் கேட்கும் கேள்வி. அயர்லாந்தின் பெருஞ்செல்வராய் விளங்கிய சோன் குயின் 2011 நவம்பரில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரில் வங்குரோத்துப் பெற்றார். அவர் இல்லமோ எல்லைக்கு அப்பால், அயர்லாந்துக் குடியரசின் காவன் பகுதியில் இருந்தது. கடன் கொடுத்த வங்கி வழக்காடவே, 2012 சனவரியில் நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கிற்று. அம்மாதத்திலேயே அவர் டப்ளின் நகரில் வங்குரோத்தானவராக அறிவிக்கப்பட்டார்.

யாழ்ப்பாணத்தார்க்கு இக்கேள்வி புதிதன்று. உத்தியோகத்தின்பொருட்டு வெளியூரில் வாழ்வோன் தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணக் குடியோ என்பது நம் நீதிமன்றங்களிலும் பன்முறை ஆராயப்பட்டதே. ஆங்கும் நிலையான வதிவிடமே அளவுகோல்.

பின்னர் வாயில் ஒடுங்கிற்று. 2017 இல் நடைமுறைக்கு வந்த புதிய ஐரோப்பிய விதி, விண்ணப்பத்துக்கு முந்திய ஆறு மாதத்துள் வதிவிடத்தை வேறு நாட்டுக்கு மாற்றியவனுக்கு அவ்வதிவிடத்தாற் பெறும் அனுகூலத்தை மறுத்தது. 2020 இறுதியோடு இங்கிலாந்து அவ்வேற்பாட்டினின்றும் விலகிற்று. அயர்லாந்து தன் தவணையை முதலில் மூன்றாண்டாகவும், 2016 இல் ஓராண்டாகவும் குறைத்தது. ஜேர்மனியும் மூன்றாண்டாக்கிற்று.

இனி, நம்மவர் சிறப்பாக அறியவேண்டுவன மூன்று.

முதலாவது: ஆங்கிலச் சட்டத்தில் வங்குரோத்தானவனின் உடைமை என்பது எவ்விடத்தில் உள்ளதாயினும் அடங்கும். மானிப்பாயில் அவன் பெயரில் உள்ள முதுசக் காணியையும் வெளிப்படுத்தல் வேண்டும். மறைத்தல் குற்றமாம்.

இரண்டாவது: வங்குரோத்துக்கு முன் சுற்றத்தாரின் கடனை மட்டும் தெரிந்து தீர்த்தலும், காணியை நன்கொடையாக எழுதுதலும் செல்லாமற் போகலாம். சுற்றத்தாரை அவ்வாறு முற்படுத்தியதாயின் ஈராண்டுவரையும், நன்கொடையாயின் ஐயாண்டுவரையும் பின்னோக்கி ஆராயச் சட்டம் இடந்தருகின்றது.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது: கடன்பட்டோன் விடுதலை பெறினும் பிணை நின்றோன் விடுதலை பெறான். இலண்டனில் மகன் பட்ட கடனுக்கு இங்கே தந்தை கையொப்பமிட்டிருப்பாராயின், மகன் ஓராண்டில் நிமிர்ந்து நடக்க, தந்தை முதுமையில் அச்சுமையைத் தாங்க நேரும். மைந்தன் தந்தையின் கடனைத் தாங்கிய பழைய வழக்கம் இங்கே தலைகீழாகின்றது.

ஆங்கிலச் சட்டத்துக்கு அமைந்த கடனை வேற்றுநாட்டு வங்குரோத்து ஒழிக்காது என்னும் 1890 ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றும் உண்டு. எனவே இங்கிலாந்திற் கடன்பட்டுப் பிறநாடு செல்வோனும் அதனை மறத்தலாகாது.

இவற்றாற் பெறப்படுவது யாது? வங்குரோத்து இழிவன்று, நேர்மையாளன் மீண்டெழச் சட்டம் தரும் கைப்பிடி அது. ஆயின் மெய்யாக வாழுமிடத்திலே, உள்ளதனைத்தையும் வெளிப்படுத்திப் பற்றுவோனுக்கே அது துணையாகும். முகவரியை மட்டும் மாற்றுவோனைக் கடன் கடல் கடந்தும் தொடரும். ஆதலின் கடன் பெறுவோர், பிணை நிற்போருக்கு நேரக்கூடியதை முன்னரே எடுத்துரைப்பாராக. பிணை நிற்போர் உறுதியை முற்றும் வாசித்த பின்னரே கையொப்பம் இடுவாராக.