கழுவினால் போகுமா?

மாலை ஏழு மணி. தாராவியில் ஒரு சிறிய அறை. பெண்கள் பத்துப் பேர் படிக்கக் கூடியிருந்தார்கள். ஒரு பெரியம்மா பையோடு வந்தார். பையில் கத்தரிக்காய், வெண்டைக்காய், முருங்கைக்காய் இருந்தன. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கியவை. இன்னொரு கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் கேன்.

“கத்தரிக்காயைப் பாருங்கள். ஒன்றில்கூடச் சொத்தை இல்லை” என்றார் பெரியம்மா.

அன்று செம்பூரிலிருந்து ஒரு நர்ஸ் வந்திருந்தார். அவர் காயைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“பூச்சி ஏன் இதைத் தொடவில்லை, பெரியம்மா?”

“மருந்து அடித்திருப்பார்கள். நம் ஊரிலும் அடிக்கிறார்களே! கழுவினால் போய்விடும், அம்மா.”

“எல்லாம் போகுமா?” என்று கேட்டார் நர்ஸ். யாரும் பதில் சொல்லவில்லை. நர்ஸ் விளக்கினார்.

காயோடு வரும் நஞ்சு

நாசிக், புனே பக்கமிருந்து காய்கறி லாரிகளில் வருகிறது. நவி மும்பையில் உள்ள வாஷி மொத்தச் சந்தையில் இறங்குகிறது. அங்கிருந்து மாட்டுங்கா, செம்பூர், தாராவிக் கடைகளுக்கு வருகிறது.

தோட்டத்தில் மருந்து அடித்த உடனே காய் பறிக்கக் கூடாது. சில நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் வெயிலிலும் காற்றிலும் மருந்தின் வீரியம் குறையும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். அவசரப்பட்டுப் பறித்தால் மருந்தின் மிச்சம் காயோடு வரும்.

சில மருந்துகள் காயின் தோல்மேல் தங்கும். கழுவினால் ஓரளவு போகும். சில மருந்துகள் வேர் வழியாகவும் இலை வழியாகவும் செடிக்குள் போகும். காயின் சதையிலும் சேரும். அவற்றைக் கழுவிப் போக்க முடியாது.

சோதிப்பது எப்படி?

இந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. மணமும் காட்டாது. ஆய்வுக்கூடத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். அங்கே காயை நறுக்கி அரைப்பார்கள். ஒரு திரவத்தைச் சேர்த்து, காயில் உள்ள மருந்தைப் பிரித்து எடுப்பார்கள். எந்த மருந்து, எவ்வளவு என்று கருவி காட்டும்.

ஒவ்வொரு மருந்துக்கும் அரசு ஓர் அளவு வைத்திருக்கிறது. அளவு குறிக்கப்படாத மருந்து என்றால், பொதுவாக ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் இருக்கலாம். அதாவது 100 கிலோ காயில் 1 மில்லிகிராம்.

2014-15ஆம் ஆண்டில் மத்திய அரசு நாடு முழுவதும் 20,618 உணவு மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் 18.7 சதவீதத்தில் மருந்தின் மிச்சம் இருந்தது. 543 மாதிரிகளில் அளவுக்கு மேல் இருந்தது. நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று என்று கொள்ளலாம்.

“அப்படியானால் காய்கறியே வேண்டாமா?” என்று கேட்டார் ஒரு பெண்.

“அது தவறு. காயும் கீரையும் இல்லாவிட்டால் உடம்பு இளைக்கும், ரத்தம் குறையும். பயம் வேண்டாம். கவனம் வேண்டும்” என்றார் நர்ஸ்.

உடலுக்கு என்ன கேடு?

நஞ்சு அதிகமாக உள்ளே போனால் உடனே தெரியும். தலை சுற்றும். வாந்தி வரும். வேர்க்கும். எச்சில் ஊறும். மூச்சு முட்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டு சேர்ந்தால் உடனே தெரியாது. சில மருந்துகள் நரம்பைப் பாதிக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஆபத்து அதிகம்.

பழைய கேன்

நர்ஸின் பார்வை கேன்மேல் விழுந்தது. “இது எதற்கு, பெரியம்மா?”

“எண்ணெய் ஊற்றி வைக்க. பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்தது.”

கேனில் ஒட்டிய தாள் பாதி கிழிந்திருந்தது. எழுத்து இல்லை. ஆனால் ஒரு சாய்சதுரக் குறி இருந்தது. அதன் கீழ்ப்பாதி சிவப்பு.

“இது பூச்சி மருந்துக் கேன். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. பச்சையும் விஷம்தான்” என்றார் நர்ஸ்.

பிறகு ஒரு செய்தி சொன்னார். 2013 ஜூலையில் பீகாரில், சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து கலந்திருந்தது.

அறை அமைதியானது. பெரியம்மா கேனை வெளியே கொண்டுபோய் வைத்தார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்.

“எழுத்து கிழிந்தாலும் நிறம் பேசுகிறதே! இனி பார்த்துத்தான் வாங்குவேன்” என்றார்.

நாம் செய்ய வேண்டியவை

1. காயை நறுக்கும் முன் கழுவுங்கள். குழாய் நீர் ஓடும்போது கையால் தேய்த்துக் கழுவுவது நல்லது. தண்ணீர் குறைவு என்றால், பாத்திரத்தில் மூன்று முறை நீர் மாற்றிக் கழுவுங்கள்.
2. ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் உப்பு அல்லது புளி கரையுங்கள். 15 நிமிடம் காயை ஊறவிட்டு, நல்ல நீரில் அலசுங்கள். சோப்பு வேண்டாம்.
3. முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள்.
4. தினமும் ஒரே காயை வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள்.
5. பச்சைக் காயை ஈரப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சு பச்சையானால் சாயம் பூசியிருக்கலாம். இந்தச் சோதனை சாயத்தைத்தான் காட்டும். பூச்சி மருந்தைக் காட்டாது.
6. பூச்சி மருந்துக் கேனை எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

நமக்கு உள்ள உரிமை

2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்குபவருக்கும் உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம், “இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று சொல்ல வேண்டும். கட்டணம் கட்டி, உணவு ஆய்வாளரிடம் சோதிக்கலாம். குறை இருப்பது உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தனியாகக் கட்ட முடியாவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து கட்டலாம்.

பதில் சொல்லுங்கள்

1. மருந்து அடித்த உடனே ஏன் காய் பறிக்கக் கூடாது?
2. எந்த வகை மருந்து கழுவினாலும் போகாது?
3. சாய்சதுரக் குறியில் சிவப்பு நிறம் எதைக் காட்டுகிறது?
4. உங்கள் வீட்டில் பழைய கேன் இருக்கிறதா? அதில் முன்பு என்ன இருந்தது? விசாரித்து எழுதுங்கள்.