மளிகைச் சீட்டில் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக் கூடாது?

நோயாளி வீடு திரும்பும் நாளில் குடும்பத்தினரிடம் இரண்டு சீட்டுகள் தரப்படுகின்றன. ஒன்று மருந்துச் சீட்டு. மற்றொன்று உணவு அறிவுரைச் சீட்டு. இவ்விரண்டும் பயன் தருமா என்பதை வீட்டில் எழுதப்படும் மூன்றாவது சீட்டே முடிவு செய்கிறது. அதுவே மாத மளிகைச் சீட்டு.

நோய்க் காலத்தில் வருமானம் குறைகிறது. பரிசோதனைச் செலவும் பேருந்துச் செலவும் கூடுகின்றன. எரியோடு, வேடசந்தூர், வடமதுரைப் பகுதிகளிலிருந்து வரும் குடும்பங்கள் பலவும் நூற்பாலைக் கூலியையோ மானாவாரி விவசாயத்தையோ நம்பி வாழ்பவை. ஒருவர் படுக்கையில் கிடந்தால், துணைக்கு இருப்பவரின் கூலியும் நின்றுபோகிறது. அந்த நிலையில் மளிகைச் செலவைச் சுருக்குவது தவறன்று, தவிர்க்கவும் இயலாது. ஆனால் சுருக்கும் வரிசையில்தான் பிழை நேர்கிறது. முதலில் முட்டை நிற்கிறது. பிறகு பயறு குறைகிறது. பருப்புக் குழம்பு தண்ணீராகிறது. எண்ணெய், சர்க்கரை, பிஸ்கட், நோயாளிக்கென வாங்கும் விலை உயர்ந்த பொடிகள் ஆகியவை மட்டும் அப்படியே தொடர்கின்றன. இந்த வரிசையைத் திருப்பி அமைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அரிசியும் பருப்பும் செய்த மருத்துவம்

மளிகைப் பொருள் நோயைத் தடுக்குமா என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே தெளிவான விடை கிடைத்துள்ளது. ஜார்க்கண்ட் மாநிலத்தின் 4 மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை ‘ரேஷன்ஸ்’ என்னும் ஆய்வு நடைபெற்றது. காசநோயாளிகளின் வீட்டில் உடன் வாழ்வோரில் ஒரு பிரிவினருக்கு, பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ துவரம்பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் கூடுதலாக வழங்கப்பட்டன. உணவுப் பொருள் பெறாத குடும்பத்தினரோடு ஒப்பிடுகையில், பெற்ற குடும்பத்தினருக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. இம்முடிவு 2023ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று.

அந்தக் கூடையில் இறக்குமதிச் சரக்கு எதுவும் இல்லை. நம் நியாய விலைக் கடையில் கிடைக்கும் அரிசியும் துவரம்பருப்புமே அதில் இருந்தன. சர்க்கரை நோய், காசநோய், அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பலவீனம் என எதுவாயினும், உடல் தேறுவதற்குப் போதிய புரதம் வேண்டும். எனவே பருப்பைக் குறைத்து மிச்சம் பிடித்த பணம், சில மாதங்களில் மருத்துவச் செலவாகத் திரும்பி வரக்கூடும்.

முதலில் நியாய விலைக் கடை

தமிழ்நாட்டில் அரிசி அட்டைதாரர்களுக்கு 2011ஆம் ஆண்டு சூன் மாதம் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால், இவ்விரு பொருள்களில் மட்டுமே மாதந்தோறும் குறிப்பிடத்தக்க தொகை மிச்சமாகும். ஆதலால் மளிகைக் கடைக்குச் சீட்டு எழுதும் முன்னரே அம்மாத ரேஷன் பொருள்களை முழுமையாக வாங்கிவிட வேண்டும். 2020ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அட்டைதாரர்கள் மாநிலத்தின் எந்தக் கடையிலும் அரிசி முதலிய பொருள்களைப் பெற வழி உள்ளது. வேலைக்காக ஊர்விட்டு ஊர் தங்கியிருப்போர் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ரேஷன் அரிசியில் சற்று வேறுபட்ட நிறத்துடன் சில மணிகள் காணப்படுவதைக் கண்டு, ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிவோர் உண்டு. அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் ஆகியவை சேர்த்துச் செய்யப்பட்ட செறிவூட்டிய அரிசி மணிகள். நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலக்கப்படுகின்றன. அவற்றைப் பொறுக்கி எறிய வேண்டாம். தலசீமியா நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறு கிராம் கணக்கு

எந்தப் பொருள் மலிவு என்பதைக் கிலோ விலையை மட்டும் கொண்டு அறிய இயலாது. ஒரே அளவு புரதம் பெற எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பதே சரியான ஒப்பீடு. அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏறத்தாழ 6 கிராம் புரதம் பின்வரும் ஒவ்வொன்றிலும் கிடைக்கிறது:

• முட்டை ஒன்று
• நிலக்கடலை 25 கிராம் (ஒரு சிறு கைப்பிடி)
• பருப்பு அல்லது பயறு 30 கிராம்
• பால் 200 மில்லி

உங்கள் ஊர்க் கடை விலையை வைத்து இந்த நான்கிற்கும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பயறும் நிலக்கடலையும் மலிவாக நிற்கும். முட்டை அடுத்து வரும். துவரம்பருப்பின் விலை ஏறும் காலத்தில் தட்டைப்பயறு, கொள்ளு, மொச்சை, பட்டாணி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சமைக்கலாம். புரத அளவில் பெரிய வேறுபாடு இல்லை.

இதே கணக்கை ‘சத்து பானம்’ என்று சொல்லி விற்கப்படும் மால்ட் பொடிகளுக்கும் போட்டுப் பாருங்கள். உறையில் 100 கிராமுக்கு 7 கிராம் புரதம் என்று அச்சிடப்பட்டிருந்தால், 6 கிராம் பெற ஏறத்தாழ 85 கிராம் பொடி கரைக்க வேண்டும். அதனோடு சேரும் சர்க்கரையின் அளவும் அதே உறையில் இருக்கும். இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் காட்ட வேண்டாம் என்று 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இணையவழி விற்பனை நிறுவனங்களை அறிவுறுத்தியது. நோயாளியைப் பார்க்க வரும் உறவினர் இந்தப் புட்டிகளை வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஈடாக ஒரு தட்டு முட்டையோ இரண்டு கிலோ பயறோ கொண்டுவருமாறு தயங்காமல் சொல்லலாம்.

எண்ணெய், சர்க்கரை, உப்பு: இங்கே குறையுங்கள்

உண்மையான மிச்சம் இந்த மூன்றில்தான் உள்ளது. இவற்றைக் குறைத்தால் பணமும் மிஞ்சும்; நோயும் கட்டுப்படும்.

நாளொன்றுக்கு ஒருவருக்கு 20 முதல் 30 கிராம் எண்ணெய் போதும் என்பது ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. சராசரியாக 25 கிராம் என்று கொண்டால், நால்வர் உள்ள குடும்பத்திற்கு மாதம் 3 கிலோ, அதாவது ஏறத்தாழ மூன்றேகால் லிட்டர். உங்கள் வீட்டுச் சீட்டில் 5 அல்லது 6 லிட்டர் இருந்தால், குறைக்க வேண்டிய இடம் கண்முன்னே இருக்கிறது. செக்கு எண்ணெயாயினும் பாமாயிலாயினும் ஒரு கிராம் எண்ணெய் தருவது 9 கலோரியே. பாமாயிலை மட்டும் நம்பியிராமல் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் அளவோடு மாற்றிப் பயன்படுத்துவது இதயத்திற்கு நல்லது. பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுவது சிக்கனம் ஆகாது. பொரிக்கும் நாள்களைக் குறைப்பதே சிக்கனம்.

உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. நால்வருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ பொட்டலம் 50 நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் அடங்கும். சர்க்கரை ஒருவருக்கு 25 கிராமுக்குள் இருக்க வேண்டும்; நால்வருக்கு மாதம் 3 கிலோ என்பது உச்ச வரம்பு. பிஸ்கட்டிலும் குளிர்பானத்திலும் இருப்பதையும் சேர்த்தே இந்த வரம்பு.

‘நோயாளிக்கென’ விற்கப்படும் பொருள்கள்

சர்க்கரை நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் அவருக்கென்று தனிச் சமையலும் தனி மளிகையும் தேவையில்லை. அரிசியின் அளவைக் குறைத்து, காய்கறியும் பருப்பும் கூட்டிய உணவு வீட்டிலுள்ள அனைவருக்கும் ஏற்றதே. கீழ்க்காணும் பொருள்களுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

பனை வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன்: இவையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்துகின்றன. வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்றாகச் சர்க்கரை நோயாளிக்கு இவற்றை வாங்குவதில் பயனில்லை.

‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்: சர்க்கரை சேர்க்காவிட்டாலும் மைதாவும் கொழுப்பும் அதில் உண்டு.

இந்துப்பு: இதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. இரத்த அழுத்தத்திற்குத் தனி நன்மை இல்லை. அயோடின் சேர்க்கப்படாத வகைகளில் அந்தச் சத்தும் கிடைப்பதில்லை. மலிவான அயோடின் உப்பே போதும்; அளவே முக்கியம். பொட்டாசியம் கலந்த ‘குறை சோடியம்’ உப்பைச் சிறுநீரக நோயாளிகளும் இரத்த அழுத்த மாத்திரை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்துவது ஆபத்தானது.

சிறுதானியம்: கம்பும் சோளமும் நம் மண்ணின் நல்ல உணவுகள். மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் கடன்பட்டு வரகும் சாமையும் வாங்கி, பருப்பை நிறுத்துவது முறையன்று. சிறுதானியமும் மாவுச்சத்தே, அதற்கும் அளவு உண்டு.

உறையை வாசிக்கும் முறை

பொட்டலப் பொருள்களில் அதிகபட்ச விலையோடு, ஒரு கிராம் அல்லது ஒரு கிலோவுக்கான அலகு விலையும் அச்சிடப்பட வேண்டும் என்பது விதி. இரு நிறுவனப் பொருள்களையோ சிறிய, பெரிய பொட்டலங்களையோ ஒப்பிட இந்த எண் ஒன்றே போதும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று கருத வேண்டாம். சேர்பொருள்களின் பட்டியல் எடையின் இறங்கு வரிசையில் இருக்கும். முதல் மூன்று பெயர்களில் சர்க்கரை இருந்தால் அது சர்க்கரைப் பண்டமே.

கூடி வாங்குவதும் நல்ல வழி. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு நெசவாளர் உள்ளிட்ட எளிய தொழிலாளர்கள் சிறு பணம் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் கடை ஒன்றைத் தாங்களே தொடங்கினர். அதே கூட்டுறவுக் கருத்து 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையாக உருப்பெற்றது. ஒரே தெருவிலுள்ள மூன்று குடும்பங்கள் சேர்ந்து, திண்டுக்கல் மொத்தக் கடையில் பயறும் கடலையும் வாங்கிப் பிரித்துக்கொள்வதும் அவ்வழியே. கடன் நோட்டில் எழுதி வாங்குவதைவிடக் கையில் பணம் கொடுத்து வாங்கும்போது விலையைக் கேட்கவும் ஒப்பிடவும் உரிமை மிகுதி.

காயும் கீரையும்

ஒட்டன்சத்திரம் சந்தை நம் மாவட்டத்திலேயே இருப்பதால், பருவத்தில் காய்கறி மலிவாகக் கிடைக்கிறது. சீட்டில் ‘கேரட், பீன்ஸ்’ என்று முன்கூட்டியே எழுதாமல், ‘அன்று மலிவான மூன்று காய்’ என்று எழுதுங்கள். தக்காளி விலை ஏறும் நாளில் புளியே போதும்.

வேடசந்தூர்ப் பகுதியில் முருங்கை மரம் இல்லாத தெரு அரிது. நூறு கிராம் முருங்கைக் கீரையில் 6 கிராம் புரதமும் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. அதே அளவு பாலில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 120 மில்லிகிராமே. விலையின்றிக் கிடைக்கும் இந்தக் கீரையை வாரம் இருமுறையாவது சமையுங்கள். சிறுநீரகச் செயல் குறைந்தவர்கள் மட்டும் கீரை, பயறு ஆகியவற்றின் அளவைத் தம் மருத்துவரிடம் கேட்டறிந்து உண்ண வேண்டும்.

குறைக்கக் கூடாத மூன்று

முதலாவது, மாத்திரை. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டு மிச்சம் பிடிப்பது பக்கவாதத்திற்கும் மாரடைப்புக்கும் வழிவகுக்கும். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இம்மாத்திரைகள் வீட்டிற்கே வந்து விலையின்றித் தரப்படுகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, காசநோயாளியின் ஊட்டச்சத்துத் தொகை. சிகிச்சைக் காலத்தில் மாதம் 500 ரூபாயாக வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்ட இத்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனைப் பயறு, முட்டை, கடலை ஆகியவற்றுக்கே செலவிடுங்கள்.

மூன்றாவது, வீட்டுப் பெண்களின் பங்கு. சிக்கனம் என்ற பெயரில் முட்டை நோயாளிக்கும் பிள்ளைகளுக்கும் போக, அடிச்சட்டிக் குழம்பும் சோறும் மட்டும் உண்பவர் பெரும்பாலும் தாயே. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. நோயாளியைக் கவனிப்பவரே அடுத்த நோயாளியாகிவிடலாகாது. எனவே பருப்பும் முட்டையும் வீட்டில் உள்ள அனைவருக்கும் எண்ணி வாங்கப்பட வேண்டும்.

அடுத்த மாதச் சீட்டை எழுதும்போது

தாளை இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பருப்பு, பயறு, கடலை, முட்டை, கீரை, காய் ஆகியவற்றை முதலில் எழுதி, அதற்கான தொகையை ஒதுக்குங்கள். வலப்பக்கம் எண்ணெய், சர்க்கரை, பிஸ்கட், பொடிகள், அப்பளம் ஆகியவற்றை எழுதுங்கள். பணம் போதாவிட்டால் வலப்பக்கத்தில் மட்டுமே கோடு போடுங்கள். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது அந்தச் சீட்டையும் எடுத்து வாருங்கள். இரத்தப் பரிசோதனை அறிக்கையோடு அதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் மருத்துவரும் உணவு ஆலோசகரும் உங்கள் வருமானத்திற்குள் அடங்கும் அறிவுரையை வழங்க இயலும்.