பாட்டிலை நிமிர்த்தி வை

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஏலத்தில் எடுத்த பழைய மக்காலன் விஸ்கி பாட்டில், லண்டன் வீட்டு ஜன்னலோரம் வெயிலில் படுத்துக் கிடக்கிறது. இரண்டு மாதச் சம்பளத்தை அதில் போட்டுவிட்டு, பத்து வருஷம் கழித்து விற்றால் வீட்டுக்கு முன்பணம் தேறும் என்கிறாய். தேறட்டும். முதலில் எழுந்து போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வா, மற்றதைப் பிறகு படிக்கலாம்.

கார்க் காயக் கூடாது என்று ஒயினைத்தான் படுக்க வைப்பார்கள். விஸ்கியில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருக்கிறது. வருஷக்கணக்கில் கார்க்கைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் அது கார்க்கை அரித்துவிடும். துகள் உள்ளே விழும், ருசி கெடும், கசிவும் தொடங்கும்.

எடின்பரோவில் இத்தனை காலம் ஏலங்களைப் பார்த்தவன் சொல்கிறேன், வாங்க வருகிறவன் கண் முதலில் போவது மட்டத்தின் மேல்தான். விஸ்கி கழுத்தில் நிற்கிறதா, தோளுக்கு இறங்கிவிட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். மட்டம் இறங்கினால் விலையும் இறங்கும். ஸ்காட்லாந்தில் பீப்பாயில் இருக்கும்போது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிறது. தேவதைகளின் பங்கு என்று அதைச் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பார்கள், ஏனென்றால் பீப்பாய் மரம் பதிலுக்கு ருசியைத் தருகிறது. பாட்டிலில் குறைவது வெறும் நஷ்டம். கண்ணாடிக்குள் விஸ்கிக்கு வயதும் ஏறாது. நீ தாத்தாவான பிறகும் 18 வருஷ விஸ்கி 18 வருஷ விஸ்கிதான்.

வெயில் பட்டால் விஸ்கியின் நிறமும் லேபிளின் நிறமும் வெளுக்கும். அதற்காக ஈரமான நிலவறையில் கொண்டுபோய் வைக்காதே. எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் பத்திரப்படுத்தினார். உள்ளே ஒரு சொட்டுக் குறையவில்லை, ஆனால் லேபிளில் பூஞ்சை படர்ந்து ஓரமெல்லாம் உரிந்துவிட்டது. நினைத்த விலையில் பாதிகூட வரவில்லை, பாவம்.

2023 நவம்பரில் லண்டன் சாதபீஸ் ஏலத்தில் 1926ஆம் ஆண்டு மக்காலன் ஒன்று ஏறக்குறைய 21.9 லட்சம் பவுண்டுக்குப் போனது. 60 வருஷம் பீப்பாயில் இருந்து 1986இல் பாட்டிலுக்கு வந்தது. ஏலத்துக்கு முன்னால் மக்காலன் ஆலையே கார்க்கையும் மூடியுறையையும் மாற்றி, லேபிள் மூலைகளுக்குப் புதுப் பசை தடவி, ஒரு மில்லிலிட்டர் எடுத்துச் சோதித்தும் கொடுத்தது. உன் பாட்டிலுக்கு அந்த ராஜ வைத்தியம் கிடைக்காது. நீயாகப் பசை தடவவும் போகாதே, கைவைத்த லேபிளை வாங்குகிறவன் நம்ப மாட்டான்.

ஹீட்டருக்குத் தள்ளியிருக்கிற, வெளிச்சம் புகாத, ஈரமில்லாத அலமாரி போதும். இன்று சூடு நாளை குளிர் என்று மாறிக்கொண்டே இருக்கும் இடம் ஆகாது. உள்ளிருக்கும் காற்று விரிந்து சுருங்கி மூடியைத் தளர்த்தும். மூடியைச் சுற்றிப் பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தை ஒட்டிவிடு. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டத்தைப் படம் பிடித்து வை. ஏல ரசீதையும் அட்டைப்பெட்டியையும் தொலைத்துவிடாதே. பொம்மைக் காரைக்கூடப் பெட்டியோடுதான் வைப்பேன் என்று அடம்பிடித்த பிள்ளையாச்சே நீ, இந்தப் பெட்டியை எங்கே போட்டாய்?

தேடி எடு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அலமாரியைத் திறந்து எனக்குக் காட்டு.

அன்புடன்,
மாமா