ஆல்டர் செய்த வண்டியை விற்பதற்கு முன்

சேலம்–நாமக்கல் சாலையில் உள்ள புதுச்சத்திரம் பக்கத்தில் வண்டி வாங்க வருகிறவரை ஏய்ப்பது கடினம். லாரித் தொழில் வேரூன்றிய வட்டாரம் இது. வருகிறவர் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் சேஸிஸ் நம்பரைத் தேடுவார். ஹோண்டா சிட்டி விடெக், திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த மிட்சுபிஷி லான்சர் போன்ற ஜப்பானிய வண்டிகளை ஆசையாக ஆல்டர் செய்து ஓட்டியவர்கள், விற்கும்போது போட்ட காசு அப்படியே திரும்பும் என்று நம்புகிறார்கள். திரும்பாது. வாங்குகிறவர் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் வண்டிக்குத்தான் விலை பேசுவார். ஆகவே முடிந்தவரை வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள், கழற்றிய பாகங்களைத் தனியே விற்றுவிடுங்கள், பெயர் மாற்றம் முடியும்வரை விற்பனை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே முதலில் சத்தம் போடும் சைலன்சர், கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, வெட்டிய ஸ்பிரிங் ஆகியவற்றைக் கழற்றி, கம்பெனிப் பாகங்களைப் பூட்டுங்கள். நிறம் மாறியிருந்தால் ஆர்.சி.யில் அது ஏறியிருக்க வேண்டும். அடுத்து நம்பர்களைச் சரிபாருங்கள். சேஸிஸ் நம்பர் மேல் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் உரசினால் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வரும், அதை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இன்ஜின் நம்பரையும் அப்படியே பாருங்கள். வேறு இன்ஜின் இறக்கி அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால், அதைச் சரிசெய்யாமல் விலையே பேசாதீர்கள். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பித்திருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

‘விஷயம் தெரிந்த ரசிகர் அப்படியே எடுத்துக்கொள்வாரே’ என்று கேட்கலாம். கோயம்புத்தூர் பக்கம் அப்படிப்பட்டவர்கள் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கும் அவருடைய ருசி இருக்கும். உங்கள் சஸ்பென்ஷனைக் கழற்றி எறிந்துவிட்டுத் தனக்குப் பிடித்ததைப் போடுவார். அதே சஸ்பென்ஷன் தேவைப்படும் இன்னொருவருக்கு அது தனியாக நல்ல விலை போகும். கழற்றிப் பூட்டக் கூலி ஆகுமே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. சட்டத்தில் மாட்டுவதையும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாததையும் சரிசெய்தால் போதும். செய்த வேலைகளுக்குப் பில் இருந்தால் எடுத்து வையுங்கள், மாற்றியது எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பேரத்தில் அந்த பில்களுக்குக் கிடைக்கும் மரியாதை வாய்ப்பேச்சுக்குக் கிடைக்காது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்தோடு வீடு திரும்புவது. 2007-இல் விற்கப்பட்ட ஒரு கார் பெயர் மாறாமலே பல கைகள் மாறி, 2009-இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் பெயர் இருந்தவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்பது அந்த நீதிமன்றத்தில் எடுபடவில்லை. விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. கடன் இருந்திருந்தால் வங்கியிடம் ஃபார்ம் 35 வாங்கி, ஆர்.சி.யில் அடமானத்தை முதலில் நீக்குங்கள். வாங்குகிறவர் வேறு மாநிலத்தவர் என்றால் என்.ஓ.சி.யும் வேண்டும். தேதியோடு நேரமும் எழுதிய டெலிவரி நோட்டில் இருவரும் கையெழுத்திட்டு, அவருடைய அடையாள அட்டை நகலோடு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று மாலை அந்த வண்டி எங்காவது மோதினால் யார் கையில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. முழுப் பணமும் கணக்கில் ஏறியபின் சாவியைக் கொடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போவதில்லை. அது உங்களுடையது, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஃபாஸ்டாகையும் அன்றே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் கடக்கும் ஒவ்வொரு சுங்கச்சாவடிக்கும் உங்கள் கணக்கில் பணம் பிடிப்பார்கள்.